பூட்டிய பெட்டியில் ஏழு பெயர்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்த, ஆள் அனுப்பிய செட்டிநாட்டு வீடுகளில் ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் வராது. கப்பலேறும் முன்பே யார் மேலாள், யார் அடுத்தாள், யார் பெட்டியடி என்ற பதவி வரிசை முடிவாகியிருக்கும். தவணை மூன்று வருஷம், சம்பளம் இவ்வளவு என்று பேசி எழுதிய பிறகுதான் பயணம்.

1606 டிசம்பரில் அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க லண்டனிலிருந்து ஆள் அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி இதற்கு நேர்மாறாக நடந்தது. அமெரிக்கக் கரையில் யார் ஆள்வது என்பதை எழுதி, பெட்டியில் வைத்து, முத்திரையிட்டுக் கொடுத்தது. கரை சேர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. பயணம் நான்கு மாதத்துக்கு மேல் நீண்டது. கப்பல் மூன்று, கடலில் இருக்கும்வரை அதிகாரம் கேப்டன் கிறிஸ்டோபர் நியூபோர்ட் கையில். வழியிலேயே சண்டை மூண்டு, ஜான் ஸ்மித் என்பவரைக் கலகக்காரர் என்று காவலில் வைத்துவிட்டார்கள். 1607 ஏப்ரல் 26 அன்று பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆளும் சபைக்கு ஏழு பெயர். அதில் ஒன்று ஸ்மித்துடையது! ஜூன் மாதம்வரை அவரைச் சபையில் உட்காரவிடவில்லை.

இவர்கள் வர்ஜீனியாவில் அமைத்த ஊர் ஜேம்ஸ்டவுன். அந்தப் பெயரைக் கேட்டால் பசியும் பனியும்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. அந்த ஊர் அழிவின் விளிம்புவரை போனதற்குப் பசி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, 'இங்கே சொல்ல உரிமை யாருக்கு' என்ற கேள்விக்குக் கடைசிவரை சரியான பதில் இல்லாமல் போனது.

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். தாழ்வான, ஈரமான இடத்தில் குடியேறாதே என்று கம்பெனி எழுத்திலேயே சொல்லியிருந்தது. தலைவரான எட்வர்ட் விங்ஃபீல்டு தேர்ந்தெடுத்தது சதுப்பு நிலம் சூழ்ந்த, ஏறக்குறைய தீவு மாதிரியான ஓரிடம். பாஸ்பஹே என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. ஸ்பானியர் வந்தால் தடுக்க வசதி. கரையோரம் ஆழம் அதிகம், கப்பலை மரத்திலேயே கட்டிவிடலாம். ஆனால் ஊரை ஒட்டிய ஆற்றில் கடலலை ஏறி இறங்கும். கோடையில் மேலிருந்து வரும் நீர் குறைந்ததும் உப்பு மேலேறும். மனிதக் கழிவும் அடித்துப் போகாமல் அங்கேயே சுற்றும். அதையேதான் குடித்தார்கள். கோட்டைக்குள் நல்ல கிணறு தோண்டியது 1609இல். வளவில் விழும் மழையை அண்டாவில் பிடித்து, ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டி வாழும் ஊர்க்காரருக்கு இந்த இரண்டு வருஷத் தாமதம் நெஞ்சை அடைக்கும். காலமும் மோசம். 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள் அப்பகுதியில் 770 ஆண்டுகளிலேயே மிக வறண்டவை என்று பழைய மரங்களின் வளையங்கள் காட்டுகின்றன. பண்டமாற்றுக்குச் சோளம் கேட்டால் அப்பகுதிப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களிடமே உபரி இல்லை.

ஆளுக்கு நாள் ஒன்றுக்கு அரை பைண்ட் கோதுமை, அதே அளவு பார்லி. ஒவ்வொன்றும் ஓர் உழக்குக்குக் குறைவு; கப்பல் அடித்தட்டில் மாதக்கணக்கில் கிடந்து புழு வைத்தது. இறங்கிய 104 பேரில் 1608 ஜனவரியில் மிஞ்சியது 38 பேர்.

அரசியலின் லட்சணமும் அதே காலத்தில்தான் வெளுத்தது. சபையில் பெரும்பான்மை இருந்தால் தலைவரை நீக்கலாம் என்பது விதி. சபையே ஏழு பேர். காய்ச்சலில் ஒருவர் செத்தாலும் கணக்கு மாறிவிடும். ஆகஸ்டில் பார்த்தலோமியூ காஸ்னால்டு இறந்தார். அவர் உயிரோடு இருந்தவரை சமாதானம் பேச ஓர் ஆள் இருந்தது. செப்டம்பரில், தானியத்தைப் பதுக்கினார் என்ற குற்றச்சாட்டோடு விங்ஃபீல்டு இறக்கப்பட்டு, ஜான் ராட்கிளிஃப் ஏறினார். அடுத்து ஜார்ஜ் கெண்டல் மீது சதி வழக்கு, மரண தண்டனை. தீர்ப்புச் சொல்ல வந்த தலைவரைப் பார்த்துக் கெண்டல், "உன் உண்மைப் பெயர் சிக்கிள்மோர், ராட்கிளிஃப் என்ற பெயரில் தீர்ப்புச் சொல்ல உனக்கு அதிகாரமில்லை" என்று வாதாடினார். வாதம் எடுபட்டது, உயிர் தப்பவில்லை. ஜான் மார்ட்டின் தீர்ப்பை வாசித்தார், கெண்டலைச் சுட்டார்கள்.

1608 செப்டம்பரில் ஸ்மித் தலைவரானார். உழைக்காதவனுக்குச் சாப்பாடில்லை என்றார். லண்டனோ தங்கம் அனுப்பு, தென்கடலுக்கு (பசிபிக்) வழி கண்டுபிடி என்றது. முதலில் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கைவேலை பழகாத கனவான்கள். ஆயிரம் பேரை இப்படி அனுப்புவதற்குப் பதில் தச்சர், உழவர், மீனவர், கொல்லர், கொத்தனார் என்று முப்பது பேர் போதும் என ஸ்மித் பதில் எழுதினார். இந்தக் காலனியைப் பற்றி அந்நாளில் எழுதப்பட்டவற்றில் இதைவிட உருப்படியான வரி இல்லை.

1609இல் கம்பெனி புதுச் சாசனம் வாங்கியது. இனிச் சபைத் தகராறு இல்லை, முழு அதிகாரமும் ஒரே ஆளுநருக்கு. திருத்தம் சரிதான், அனுப்பிய விதம்தான் கெட்டது. ஒன்பது கப்பல் கிளம்பின. தாமஸ் கேட்ஸ், ஜார்ஜ் சோமர்ஸ், நியூபோர்ட் மூவரும் யார் பெரியவர் என்ற போட்டியில் ஒரே கப்பலில் ஏறினார்கள். அதிகாரப் பத்திரங்களும் அதிலேயே. புயலில் அந்தக் கப்பல், 'சீ வென்ச்சர்', பெர்முடா தீவில் தரைதட்டியது. ஜேம்ஸ்டவுனுக்கு வந்தவை நூற்றுக்கணக்கான வயிறுகளும் ஸ்மித்தின் பழைய எதிரிகளும் மட்டும். பழைய சாசனம் செத்துவிட்டது, புதியது கைக்கு வரவில்லை. அக்டோபரில் வெடிமருந்து பற்றித் தீக்காயமடைந்த ஸ்மித் இங்கிலாந்து திரும்பினார். ஜார்ஜ் பெர்சி பொறுப்பேற்றார். பவ்ஹாட்டன் வீரர்கள் கோட்டையைச் சுற்றி அடைத்தார்கள். குதிரை, நாய், எலி, தோல்செருப்பு என்று தின்று தீர்த்து, இறந்தவர் உடலையும் தின்றார்கள். 2012இல் தோண்டியெடுத்த சுமார் 14 வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் வெட்டுத் தடங்கள் இருக்கின்றன. வசந்தத்தில் கோட்டையில் மிஞ்சியது அறுபது பேர்போல.

பெர்முடாவில் இரண்டு சிறு கப்பல் கட்டிக்கொண்டு 1610 மே மாதம் கேட்ஸ் வந்தார். ஊரைக் கைவிடுவது என்று முடிவாகி, ஜூன் 7 அன்று எல்லோரும் ஏறிவிட்டார்கள். மறுநாள் ஆற்றிலேயே எதிர்ப்பட்டது, புதிய ஆளுநர் டி லா வார் பிரபுவின் முன்படகு: ஆட்களும் உணவும் பின்னால் வருகின்றன, திரும்புங்கள். ஒரே நாள் இடைவெளியில் பிழைத்த ஊர் இது.

அதன்பின் ராணுவச் சட்டம். ஆனால் அடியால் மட்டும் சோளம் விளையாது. பொதுக் களஞ்சியத்துக்கு உழைத்தவரை ஒப்பேற்றியவர்கள், தாமஸ் டேல் தலைக்கு 3 ஏக்கர் சொந்தச் சாகுபடிக்குக் கொடுத்ததும் மும்முரமாக உழைத்தார்கள். ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலைக்கு லண்டனில் விலை கிடைத்தது. 1619 ஜூலை 30 அன்று, 11 குடியிருப்புகளின் 22 பிரதிநிதிகள் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடினார்கள். ஊரை நடத்தும் பேச்சில் ஊர்க்காரருக்கு இடம் கிடைத்தது அப்போதுதான், பன்னிரண்டு வருஷம் கழித்து. அடுத்த மாதமே அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் தானியத்துக்கு விற்கப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

லண்டனில் கம்பெனிக்குள்ளேயே தாமஸ் ஸ்மைத் கோஷ்டியும் எட்வின் சாண்டிஸ் கோஷ்டியும் மோதின. ஸ்மைத் நமக்கும் தெரிய வேண்டியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர் அவரே. 1619இல் பொறுப்புக்கு வந்த சாண்டிஸ், உணவில்லாமல் ஆளை மட்டும் கப்பல் கப்பலாக அனுப்பினார். 1622 மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் மக்கள் நடத்திய தாக்குதலில் காலனியில் 347 பேர் இறந்தார்கள். 1624இல் கம்பெனி கலைக்கப்பட்டு, காலனி மன்னர் வசமானது.

1625இல் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், கடையில் வரவுசெலவு இருப்புக் கணக்கான ஐந்தொகை எடுப்பதுபோல. யார், எந்தக் கப்பலில் வந்தவர், எத்தனை பீப்பாய் சோளம், எத்தனை துப்பாக்கி. உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். ஜேம்ஸ்டவுனில் வில்லியம் பியர்ஸ் வீட்டுப் பட்டியலில் ஒரு வரி: ஆஞ்சலோ, கறுப்பினப் பெண், 'டிரெஷரர்' கப்பலில் வந்தவர்.