ட்ரெய்ன் நோட்டு

நவம்பர் 3

எங்களிடம் மாதச் சந்தா கட்டுகிற ஒரு அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் 10-ஆம் தேதி. அதற்குப் பிறகு அந்த இடத்து நீரை வெளியே எடுக்கிற குழாயும் குப்பியும்தான் ட்ரெய்ன். மாத்திரைக் கவரை மேசையில் கொட்டச் சொன்னோம். சீட்டில் எழுதியிருந்தது நாலு, கவரில் இருந்தது ஆறு. ஆறாவது டாபாக்லிஃப்ளோசின், சர்க்கரை மாத்திரை. அதைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்து மயக்க மருந்தும் ஏறினால், சர்க்கரை 150-தான் காட்டும், ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாந்தி, மூச்சிரைப்பு. மயக்க மருந்தின் வேலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

6-ஆம் தேதியோடு அது கடைசி. தைராய்டு மாத்திரையும் பிரஷர் மாத்திரை அம்லோடிபினும் ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மயக்க மருந்து டாக்டருக்கு. ஃபைலுக்குள் வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். மேலே பின் அடித்தாயிற்று.

நவம்பர் 4

அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள், பிறகு அந்தக் கை வீங்கலாம். அதனால் தையல்காரர் டேப்பால் இரண்டு கையும் அளந்தாயிற்று. மணிக்கட்டு, அங்கிருந்து 10, 20, 30, 40 செ.மீ. மேலே. 30-இல் வலது 27.5, இடது 26.8. வேலை செய்கிற கை கொஞ்சம் பருத்துத்தான் இருக்கும். ஆபரேஷனும் வலது பக்கம். இந்த அளவு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாராவது இந்த 0.7-ஐப் பார்த்து வீக்கம் என்பார்கள், அல்லது உண்மையான வீக்கத்தைப் பார்த்து இது பழைய கதை என்பார்கள்.

நவம்பர் 10

கொண்டுபோய்விட்டார்கள். மழை.

நவம்பர் 13

டிஸ்சார்ஜ். சம்மரியில் ஒரு வரி: ட்ரெய்ன் பராமரிப்பு விளக்கப்பட்டது. யாருக்கு? மருமகளுக்குத் தெரியவில்லை. அக்கா அப்போது அரை மயக்கத்தில்.

வீட்டில் போய்ச் செய்து காட்டினது: சோப்புப் போட்டுக் கை கழுவு. குழாயின் கிளிப்பை மூடு. குப்பியின் மூடியைத் திற. அளவுக் குவளையில் ஊற்று. குப்பியை மேசையில் வைத்து இரண்டு கையாலும் சப்பென்று அமுக்கு, அமுக்கின கையை எடுக்காமல் மூடியைப் போடு. கிளிப்பைத் திறப்பது கடைசியில். மருமகள் மூடியைப் போட்டுவிட்டு அமுக்கப் பார்த்தாள். காற்று வெளியே போகாவிட்டால் குப்பி எப்படி உறிஞ்சும்? இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அமுக்கின குப்பி உடனே உப்பிக்கொண்டால் எங்கோ காற்று புகுகிறது. மூடி தளர்ந்திருக்கும், அல்லது குழாயின் ஓட்டை ஒன்று தோலுக்கு வெளியே வந்திருக்கும். மூடி என்றால் நாமே பார்க்கலாம். குழாய் என்றால் சர்ஜன்.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளக்கணும். இரண்டையும் கூட்டி நோட்டில் எழுதணும்.

நவம்பர் 14

110 மி.லி. சிவப்பு.

நவம்பர் 16

70. வெளிர் சிவப்பு. நல்லது.

நவம்பர் 17

10.

இரவு 9.40-க்கு மருமகள் போன். "சிஸ்டர், இன்னைக்குப் பத்துதான் வந்திருக்கு. நாளைக்கு எடுத்திரலாம்லா?" குரலில் அத்தனை சந்தோஷம்.

70-இலிருந்து ஒரே நாளில் 10-க்கு இறங்காது. சுற்றியிருக்கிற துணி நனைந்திருக்கா என்று கேட்டதும், ஆமா, ரெண்டு தடவை மாத்தினேன் என்றாள். அப்படியென்றால் குழாய் அடைத்திருக்கிறது, நீர் ஓரமாகக் கசிகிறது. வீடியோவில் செய்யவைத்தோம்: தோலை ஒட்டிக் குழாயை ஒரு கையால் இறுக்கிப் பிடி, அந்தக் கை அசையக்கூடாது, அசைந்தால் தையலைத்தான் இழுக்கும். மற்றக் கை விரலில் சோப்புநீர் தொட்டு, குழாயை நசுக்கியபடி குப்பி வரைக்கும் வழித்துக்கொண்டு வா. மூன்றாம் தடவை புழு மாதிரி ஒரு கட்டி குப்பிக்குள் விழுந்தது. பின்னாலேயே 60.

குறைந்த எண்ணைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது. நாள்நாளாக இறங்கி வந்த எண்ணைத்தான் நம்பலாம்.

சந்தா கட்டுவதால் இந்தப் போனுக்குத் தனிக் காசு இல்லை, அதனால்தான் வந்தது. ஆட்டோவும் ஃபீஸும் சேர்த்து ஐந்நூறு ஆகுமென்றால் வியாழக்கிழமை ஓ.பி. வரை பொறுத்திருப்பார்கள். அதற்குள் அக்குளில் நீர் கட்டியிருக்கும்.

நவம்பர் 19

சந்தா கட்டினால் ஆபரேஷன் ஃப்ரீயா என்று இன்றைக்கும் ஒருவர். இல்லை. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, அதன் அட்டையை அட்மிஷனுக்கு முன்பே சரிபார்க்கணும். மாதச் சந்தா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கிற நாட்களுக்கு. அமெரிக்காவில் டைரக்ட் பிரைமரி கேர் என்கிறார்கள், அங்கேயும் இப்படித்தான்: இன்சூரன்ஸுக்கு பில் போடுவதில்லை, ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் தனியாக இன்சூரன்ஸ் வேண்டும். இதைச் சொல்லாமல் ஆள் சேர்ப்பது ஏமாற்று. ஒரு டாக்டருக்கு அளவுக்கு மீறிக் குடும்பங்களைச் சேர்ப்பதும்தான். 9.40-க்கு எடுக்க ஆள் இல்லாவிட்டால் எதற்குச் சந்தா?

நவம்பர் 20

48. கையை மடியிலேயே வைத்திருக்கிறார். யாரோ அசைக்காதே என்றார்களாம். முஷ்டி மடக்கி விரிப்பது, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முதல் நாளிலிருந்தே செய்யலாம். தோள் மட்டும் ட்ரெய்ன் எடுக்கும்வரை தோள்மட்டத்துக்கு மேலே வேண்டாம். கிணற்றில் தண்ணி கோருவது, தேங்காய் துருவுவது இப்போதைக்கு இல்லை.

நவம்பர் 23

28.

நவம்பர் 24

25. 24 மணி நேரத்தில் 30-க்குக் கீழே, இரண்டு நாள் தொடர்ந்து. சர்ஜனுக்கு நோட்டின் போட்டோ அனுப்பியாயிற்று.

நவம்பர் 25

எடுத்தாயிற்று. இனி தோளுக்குப் பயிற்சி: சுவரில் விரல் ஏற்றணும். எட்டின இடத்தில் பென்சில் கோடு, நாளை கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

நவம்பர் 27

ரிப்போர்ட். கட்டியில் ஈ.ஆர்., பி.ஆர். என்கிற ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ். ஹெர்-2 என்கிற புரதம்: 2+. அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஃபிஷ் என்கிற மரபணு டெஸ்ட் செய்தால்தான் ஹெர்-2 மருந்து வேண்டுமா என்று தெரியும். அதற்கு எடுத்த சதைத்துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி, பிளாக், வேண்டும். ரிப்போர்ட்டைக் கொடுத்தவர்கள் பிளாக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாம் எழுதிக் கேட்காவிட்டால் அது அலமாரியிலேயே இருக்கும், கீமோ தள்ளிப்போகும். கேட்டாயிற்று. நாளை வாருங்கள் என்றார்கள்.

நவம்பர் 28

நாளை வாருங்கள்.

நவம்பர் 29

அக்குளில் எலுமிச்சை அளவு மெத்தென்ற வீக்கம். காய்ச்சல் இல்லை, சிவக்கவில்லை, தொட்டால் சூடில்லை, தண்ணீர்ப் பை மாதிரி தளும்புகிறது. சீரோமா. சின்னதென்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். பெரிதாகி இழுத்தால் ஊசியால் எடுப்பார்கள், அதுவும் சர்ஜன் கையால். சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போன்.

மேல்கையின் உள்பக்கம் மரத்திருக்கிறது. அக்குளைத் தாண்டிப் போகிற நரம்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெந்நீர் சுட்டாலும் தெரியாது.

டிசம்பர் 1

தூக்கமில்லை, அழுகை என்று ஒரு இடத்தில் ஃப்ளூஆக்சிடின் என்கிற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து கெட்டதில்லை. ஆனால் கீமோ முடிந்ததும் தமாக்சிஃபென் என்கிற ஹார்மோன் தடுப்பு மாத்திரை 20 மி.கி. வரும், குறைந்தது ஐந்து வருடம். ஈரலில் அதை வேலைசெய்யும் மருந்தாக மாற்றுகிற என்சைமை ஃப்ளூஆக்சிடின் தடுக்கும். பாராக்சிடினும் அப்படியே. வென்லாஃபாக்சின் பரவாயில்லை. இப்போதே மாற்றிவிட்டால் அப்போது யாரும் மறக்க வேண்டாம். டாக்டர் பேசி மாற்றிவிட்டார்.

டிசம்பர் 3

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, உள்ளூர் விடுமுறை. பிளாக் வரவில்லை.

டிசம்பர் 5

"அண்டி ஆபீஸுக்கு எப்ப போலாம் மக்ளே?" அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. அண்டித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த கையில் சின்னப் புண்ணும் சீழ் பிடித்துப் பரவலாம், அது கைவீக்கத்துக்கு ஒரு வழி. வேறு பிரிவு கேட்டுப் பார்க்கலாம். தோடு உடைப்பதுதான் என்றால் இப்போது வேண்டாம், பிறகும் கையுறை இல்லாமல் கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான், கத்தி மட்டும் வேறு.

வலது கையில் பிரஷர் பார்த்துவிட்டார்களாம், அழுகிறார். ஒரு தடவை பார்த்ததற்கு வீங்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. இடது கை சும்மா இருக்கும்போது அதில் பார்க்கலாம், அவ்வளவுதான். டேப் வைத்துக் காட்டினோம். 30-இல் 27.6.

பென்சில் கோடு நெற்றிக்கு மேலே வந்துவிட்டது.

டிசம்பர் 8

பிளாக் கிடைத்தது. லேபிளில் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு. திரும்பக் கொடுத்தாயிற்று. நாளை வாருங்கள்.