கேமல்கேஸ் தமிழில் எடுபடாது: ஒரு குட்டி விக்கி செய்த கதை

சனிக்கிழமை காலை பழைய மேக் எமுலேட்டரில் ஹைப்பர்கார்டைத் திறந்தேன். குறிப்புகளை அட்டை அட்டையாக எழுதி ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள்; 1987இல் வந்தது, பில் அட்கின்சன் ஆப்பிளுக்காக எழுதியது. ஒரு அட்டையிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு போட முதலில் பட்டன் வரைய வேண்டும். பிறகு போக வேண்டிய அட்டையைத் தேடிப் பிடித்து, மிதக்கும் குட்டிச் சன்னலில் ‘இந்த அட்டை’ என்று அழுத்த வேண்டும். நாலு இணைப்பு போடுவதற்குள் என்ன எழுத உட்கார்ந்தேன் என்பதே மறந்துபோனது. இன்னும் எழுதாத அட்டைக்கு இப்படி இணைப்பு போடவும் வழியில்லை.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது, பின்னாளில் விக்கியை உருவாக்கிய வார்ட் கன்னிங்ஹாம் இதே ஹைப்பர்கார்டில் தனக்கென ஒன்று செய்துகொண்டார். பெயரை எழுதினால் அதுவே இணைப்பு. அந்தப் பெயரில் அட்டை இல்லையென்றால் அங்கிருந்தே புதிதாக உருவாக்கலாம். 1995 மார்ச் 25 அன்று பெர்ல் நிரலாக வலையேறிய அவருடைய விக்கிவிக்கிவெப்பின் உயிரும் இதுதான்; யாரும் பக்கம் சேர்த்துத் திருத்தக்கூடிய முதல் விக்கி அது. (பெயர் ஹொனலுலு விமான நிலையப் பேருந்திலிருந்து எடுத்தது. ஹவாய் மொழியில் ‘சீக்கிரம்’.) அதில் இணைப்புக்குத் தனிக் குறி கிடையாது. சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் போதும், அதுதான் கேமல்கேஸ். இல்லாத பக்கம் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

இதையே பைத்தான் நிரல்மொழியில் எழுதப் பார்த்தேன். நமக்கு ஏது பெரிய எழுத்து? சரி, சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வைத்து, அடுத்து வரும் எழுத்துகளை ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் கருவி) அள்ளட்டும் என்று விட்டேன். ‘குறிப்பு’ என்று எழுதினால் ‘க’ மட்டும் இணைப்பானது. உகரக் கொம்பு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு தனியே நின்றது. பைத்தான் ரெஜெக்ஸின் கணக்கில் நம் துணைக்குறிகளும் புள்ளியும் எழுத்தே இல்லை! கடைசியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறினேன். உள்ளே இருப்பதை அப்படியே எடு, அவ்வளவுதான்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘நூலகம்’ பக்கம் இருக்கிறது, வாக்கியத்தில் வருவதோ ‘நூலகத்தில்’. பக்கப் பெயர் ஒன்று, காட்டும் சொல் வேறொன்று என்று நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தேன். அழகாக இல்லை, ஆனால் ஓடுகிறது. ‘தொடக்கம்’ என்ற பெயரில் இரண்டு பக்கம் முளைத்ததுதான் பெரிய தலைவலி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் ஒகரக் குறி ஒரே யூனிகோடு எண். வேறிடத்திலிருந்து ஒட்டியதில் எகரக் கொம்பும் காலும் தனித்தனி. சேமிக்கும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு நார்மலைசேஷன் ஒரு வரி சேர்த்தபின் சரியானது.

ஞாயிறு மாலை அப்படியே ஒரு வலைப்பதிவும் செய்து பார்த்தேன். வலைப்பதிவுக் கதையில் டேவ் வைனரைச் சொல்லாமல் முடியாது. 80களில் திங்க்டேங்க் என்ற அவுட்லைனரை (குறிப்புகளைத் தலைப்பு, உள்தலைப்பு என்று அடுக்கும் மென்பொருள்) செய்தவர், 1997இல் ஸ்கிரிப்டிங் நியூஸ் என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். என் வேலை சுலபம்: கோப்புகளைத் தேதிவாரியாகத் தலைகீழாக அடுக்கு, பத்தே வரி. ஆனால் பழைய குறிப்பில் ஒரு ஒற்றுப்பிழை திருத்தியதும் அது முதலிடத்துக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியாகத் திருத்திய நேரத்தை நம்பியது என் தப்பு. இப்போது தேதியைக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

இதுவரை 23 பக்கம். கேள்விக்குறியோடு காத்திருப்பவை 40க்கு மேல்.