முன்னிலை கார்டு

குரூப்ல இன்னிக்கும் நியூஸ் கார்டு சண்டை. சேனல் லோகோ, தலைவர் படம், மேற்கோள் குறிக்குள்ள ஒரே வரி. எங்க பேசினார், எந்தக் கேள்விக்குப் பேசினார்? ஒண்ணும் கிடையாது. அதே டிசைன்ல போலி கார்டு பண்ண ஒரு போன் போதும்.

நம்ம வேலூரையே எடுத்துக்கோங்க. 2019 ஏப்ரல்ல பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தல் ரத்தாச்சு. ஆகஸ்ட் 5 ஓட்டு, 9 எண்ணிக்கை. காலையில அ.தி.மு.க. கூட்டணி வேட்பாளர் ஏ.சி.சண்முகம் முன்னிலை, கடைசியில 8,141 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது தி.மு.க.வோட கதிர் ஆனந்த். காலையில போட்ட முன்னிலை கார்டு பொய்யில்லை. ஆனா நேரம் போடாத கார்டை சாயங்காலம் பார்க்கறவனுக்கு அது பொய்தான்.

சுற்று எண்ணையும் மணியையும் ஓரமா போட எவ்ளோ இடம் ஆகும்? விளம்பரத்துக்கு மட்டும் தாராளமா இருக்கு.

"லைவ் பாரு தம்பி"ங்கறார் சத்துவாச்சாரி அண்ணன். அண்ணே, அந்த லைவ் வீடியோவோட முகப்புப் படம், அதான் தம்ப்நெயில், அதை மொதல்ல பாருங்க!