எதிராளி தேடும் நாட்கள்

ஜனவரி 4, சனி

மெயிலிலேயே மாறி மாறி ஆடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் போர் ஆட்டம் அவ்வளவுதான். தன் விமானந்தாங்கிக் கப்பல்கள் நாலும் மூழ்கிய மறுநாளிலிருந்து எதிராளியிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்தபோது நடுராத்திரியில்கூடக் கட்டளை ஃபைல் அனுப்பிய மனுஷன்.

ஜனவரி 5, ஞாயிறு

'வார் இன் த பசிஃபிக்' ஆட எதிராளி வேண்டும் என்று ஆட்டக்காரர்களின் இணையதளத்தில் எழுதிப் போட்டேன். நான் நேச நாடுகள் பக்கம். ஒருவர் தினம் மூன்று டர்ன் (இருவரும் ஒரு முறை கட்டளை போட்டால் ஒரு டர்ன்) கேட்கிறார், இன்னொருவருக்கு வாரக்கடைசி மட்டும்தான் தோதுப்படுமாம். 1941 டிசம்பர் 7-இல் தொடங்கி ஒரு டர்னுக்கு ஒரு நாள் என்று போனால், 1945 ஆகஸ்ட் வர 1,300 டர்னுக்கு மேல் ஆகும். தினம் ஒன்று அனுப்பினாலே நாலு வருஷத்தை நெருங்கிவிடும். எனக்கு வேண்டியது தோற்கும் மாதங்களிலும் ஃபைல் அனுப்புகிற ஆள். திறமையெல்லாம் அப்புறம்.

ஜனவரி 7, செவ்வாய்

டயாலிசிஸ் நாலு மணி நேரம். அம்மா தூங்கினார். நான் மெயிலைத் திறந்து திறந்து மூடினேன்.

ஜனவரி 9, வியாழன்

பதில் இல்லை. அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

பின்லாந்திலிருந்து ஒருவர், ஜப்பானை எடுத்துக்கொள்கிறாராம். நீளமான கடிதம், முழுக்க விதிகளைப் பற்றி. நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து கப்பலை அடிக்கக்கூடாது. மஞ்சூரியப் படையை அரசியல் புள்ளி (படையை வேறு களத்துக்கு மாற்ற ஆட்டத்தில் கொடுக்கும் விலை) கொடுக்காமல் எல்லை தாண்டிக் கொண்டுவர மாட்டேன், நீங்களும் இந்தியப் படையை அப்படி பர்மாவுக்கு அனுப்பக்கூடாது. முதல் நாள் மட்டும் சரித்திரப்படி நடக்கட்டும், இரண்டாம் நாளிலிருந்து உங்கள் இஷ்டம். கடைசியில், "வேலை அதிகமான வாரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், சொல்லாமல் நிறுத்த மாட்டேன்." அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டேன். அம்மாவின் நிலைமையை இவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா?

ஜனவரி 11, சனி

சொல்லிவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி தாமதமாகும் என்று மட்டும். "சரி, அந்த நாட்களில் நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். காரணம் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்றும் ஊசிதான். என் திரையில் திருகோணமலையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார், இங்கேயும் குண்டு போட்டார்களா என்று. போட்டார்கள், 1942 ஏப்ரல் 9. கொழும்பில் 5-ஆம் தேதி. "அப்பதான் எங்கப்பா மெட்ராஸ் வீட்டைப் பூட்டிட்டு எல்லாரையும் வந்தவாசிக்குக் கூட்டிட்டுப் போனாராம்" என்றார். இதுவரை சொன்னதே இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

அவர் ஜப்பானியக் கட்டளைகளைப் போட்டு முதல் ஃபைலை அனுப்பிவிட்டார். நான் என் பக்கத்தைப் போட்டு அனுப்பினால் அவர் கணினியில் அந்த நாள் ஓடும். இரவெல்லாம் ஒவ்வொரு துறைமுகமாக, ஒவ்வொரு படைப்பிரிவாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் பிலிப்பைன்ஸே முடியவில்லை.

ஜனவரி 18, சனி

பிபி இறங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். டர்னைத் தொடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

நேற்று அனுப்பினேன், இன்று விடியற்காலையில் அந்த நாள் நடந்ததைக் காட்டும் ரீப்ளே வந்துவிட்டது! மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் இன்னும் சிங்கப்பூரில்தான். நிஜத்தில் டிசம்பர் 10-ஆம் தேதி மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் இரண்டுமே மூழ்கின. இப்போது கொழும்புக்கு இழுத்துவிடலாம், ஆனால் கூட வரும் டெனிடோஸ் பழைய டிஸ்ட்ராயர், அவ்வளவு தூரத்துக்கு அதன் எண்ணெய் பத்தாது. அதை விட்டுவிட்டுப் போவதா, மலாக்கா நீரிணையில் எல்லோரும் மெதுவாகப் போவதா? நாளை செவ்வாய், கிளம்புவதற்குள் அனுப்பியாக வேண்டும்.