கோக்காவும் கழுத்து மணியும்: பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு

மார்கழி கடைசி வாரம். பாலக்கோட்டில் விடியற்காலை பஸ் ஏறும்போது பெரியப்பா மடியில் ஒரு சாக்குப்பை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பைக்குள்ளிருந்து மொத்து மொத்தென்று ஒரு சத்தம் வந்தது. கேட்டவர்கள் யாரும் அதை மணிச்சத்தம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

உள்ளே இருந்தவை தாத்தாவின் எருதுகளுக்குக் கட்டிய பித்தளை மணிகள். மொத்தம் 26. எருது விடும் விழா என்றால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தை மாதம் முழுக்க அதே பேச்சுதான். தாத்தா போன பிறகு எருதும் போனது. மணிகள் மட்டும் கொட்டகை விட்டத்தில் முப்பது வருஷமாகத் தொங்கின. அதே கொட்டகையில் பசுக்கள் இன்னும் கட்டியிருக்கிறோம். இந்தப் பொங்கலுக்கு எப்படியாவது மணிகளை எடுத்துத் துலக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை.

அம்மா முதலில் புளி போட்டாள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் புளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைத்துவிடும். கூடவே சாம்பலும் செங்கல் பொடியும். ஒரு மணி நேரத்தில் வெளிப்புறம் தங்கம் மாதிரி ஆனது. உள்ளே மட்டும் அப்படியே கரி. வாய் சின்னது, விரல் நுழையாது. குச்சியில் துணி சுற்றித் தேய்த்தும் மூலை மூலையாகப் பச்சைக் களிம்பு நின்றது. உள்ளே களிம்பு இருக்கிற மணி எப்படி ஒலிக்கும்?

வாய் குறுகிய பித்தளைப் பொருளை உள்ளே எப்படிச் சுத்தம் செய்வது என்று தேடியபோதுதான் நான் எதிர்பார்க்காத ஒரு கூட்டத்தைச் சந்தித்தேன். வெளிநாடுகளில் குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகச் செய்கிறவர்கள், சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூடுகளைச் சேகரித்து, சுத்தம் செய்து, மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கூடும் பித்தளைதான், 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும். அதற்கும் வாய் சின்னது, உள்ளே கரி. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனக்கு அதில் வேலையும் இல்லை. ஆனால் அவர்கள் கூட்டைச் சுத்தம் செய்யும் முறை மனதில் ஒட்டிக்கொண்டது.

அதற்கு அவர்கள் பயன்படுத்தும் இயந்திரத்தின் பெயர் டம்ளர். காபி குடிக்கிற டம்ளர் இல்லை, படுக்கவைத்துச் சுழலும் உருளை. பழைய முறை உலர் முறை: மக்காச்சோளக் கட்டையை ரவையாக அரைத்தோ, வால்நட் ஓட்டைப் பொடித்தோ, கூடுகளோடு சேர்த்துக் கொட்டி மணிக்கணக்கில் குலுக்குவது. புது முறை ஈர முறை: தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட், கூடவே குண்டூசியை நறுக்கிய மாதிரி குட்டி குட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் கிலோக்கணக்கில். ஒவ்வொரு கம்பியும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன், ஆறரை மில்லிமீட்டர் நீளம். கூட்டின் வாய்க்குள் அது புகுந்து, சுழலச் சுழல உள்சுவரைத் தேய்த்துவிட்டு வெளியே வருகிறது.

இதைப் படித்ததும் ஓசூரில் இருக்கும் மாமா மகனுக்குப் போன் போட்டேன். "மச்சான், அது நம்ம பேரல்தானே! கொண்டு வாங்க" என்றான்.

ராயக்கோட்டை வந்தபோது பனி விலகியிருக்கவில்லை. மலைக்கோட்டை பாதிதான் தெரிந்தது. 1791இல் ஆங்கிலப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை அது. கீழே சாலையோரம் தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உத்தனப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்தது. எனக்கு இந்தப் பாதையில் பிடித்ததே இதுதான். ஒரே கண்டக்டர் மூன்று மொழியிலும் சில்லறை கேட்பார்.

மச்சானின் பட்டறை ஓசூரில் ஒரு சின்ன ஷெட். பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் கடைபவர்களிடம் இருந்து ஜாப் ஒர்க் எடுக்கிறான். கடைசலில் வந்த பித்தளைத் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தால் கட்டாது. பேரலில் போட்டால் தானாக உதிரும். உள்ளே ரப்பர் பூசிய அறுகோண உருளை. வட்டமாக இல்லாமல் ஆறு முகமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வட்டமாக இருந்தால் சரக்கு சுவரோடு வழுக்கிக்கொண்டே கிடக்கும். முகம் இருந்தால் தூக்கிக்கொண்டு போய்ச் சரிய விடும். அந்தச் சரிவில்தான் தேய்ப்பு நடக்கிறது.

மெதுவாகத்தான் சுற்றியது. வேகம் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். "வேகமா சுத்தினா எல்லாம் சுவத்துல போயி ஒட்டிக்கும் மச்சான். ஒண்ணோட ஒண்ணு உரசவே உரசாது" என்றான்.

மணிகளைப் பிரித்தோம். உள்ளே கல் அடைத்த சலங்கை ஆறு. கீறல் வழியாகக் கம்பி உள்ளே போனால் திரும்பி வராது, அதனால் அவை கைவேலைக்கு. மீதி வாய் திறந்த மணி 20. அவற்றின் இரும்பு நாக்குகளையெல்லாம் கழற்றச் சொன்னான். உருளையில் பாதிக்கு மேல் கம்பியும் தண்ணீரும், அதற்குள் மணிகள். மணிகள் ஒன்றோடொன்று முட்டி நசுங்காமல் இருக்கத் தண்ணீரும் கம்பியும் மெத்தை மாதிரி இருக்க வேண்டும் என்றான். மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டதும் ஆற்று மணலில் வண்டி போகிற மாதிரி ஒரு சரசரப்பு.

பெரியப்பா ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தோட்டாக் கூடு சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதுக்குப் பேரு கோக்கா" என்றார். பட்டாளத்தில் எந்த மொழிக்காரனும் காலிக் கூட்டை அப்படித்தான் சொல்வானாம்.

"எஸ்.எல்.ஆர். துப்பாக்கில சுடுவோம். 7.62 மில்லிமீட்டர் தோட்டா. சுட்டு முடிச்சதும் மொத வேலை கோக்கா பொறுக்கறதுதான் கண்ணு. எத்தன ரவுண்டு குடுத்தாங்களோ அத்தன கோக்கா திரும்பி வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் வரிசையா நின்னு புல்லத் தடவிக்கிட்டே போவணும். ஒரு தடவ ராத்திரி லாந்தர் வச்சிக்கிட்டுத் தேடியிருக்கோம்."

"கெடச்சுதா பெரியப்பா?"

"கெடைக்காம எப்பிடி வுடுவான்?"

நான் படித்ததில் ஒன்றை அவரிடம் சொன்னபோது முகம் மாறியது. தோட்டாவின் அடியில் இருக்கும் தீப்பொறி மருந்தில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டதும் அந்த ஈயம் கரியோடு கரியாகக் கூட்டுக்குள் படிகிறது. உலர் முறையில் சோளக் கட்டைத் தூளோடு அதுவும் பறக்கும். அதைச் சலிக்கிறவர் முகமூடி போடாவிட்டால் மூச்சோடு உள்ளே போகும். ஈர முறைக்குப் பலர் மாறியதற்குப் பளபளப்பு மட்டும் காரணமில்லை. தண்ணீரில் தூசி எழும்பாது. "நாங்க வெறுங்கையில பொறுக்கிட்டு அப்பிடியே சப்பாத்தி திம்போம்" என்றார் பெரியப்பா. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தோம். தண்ணீர் சாக்கடைக் கறுப்பு. கழுவிப் பார்த்தால் மணிகள் வெளுத்திருந்தன. ஒன்று மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தது. தப்பு என்னுடையது. அதில் நாக்கைக் கழற்றிவிட்டு, நாக்கு மாட்டியிருந்த இரும்பு வளையத்தை உள்ளேயே விட்டிருந்தேன். அமிலத் தண்ணீரில் இரும்பு இருந்தால், கரைந்த செம்பு திரும்பப் பித்தளை மேலேயே படிந்துவிடும். வளையத்தை எடுத்துவிட்டுப் புளி வைத்துத் தேய்த்ததும் போனது. சிட்ரிக் ஆசிட்டை அள்ளிப் போட்டாலும் பித்தளை சிவக்கும், துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மேலே நிற்பதால். ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான்.

புதுத் தண்ணீர் மாற்றி இன்னும் இரண்டு மணி நேரம் ஓடியது. நான் நான்கைந்து மணி நேரம் விடலாமா என்றேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அதிக நேரம் விட்டால் வாய் விளிம்பு தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு மடங்கும் என்றான். தோட்டாக் கூட்டுக்காரர்களும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். பித்தளை பளபளப்பதில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆனால் கரி போய் உலோகம் தெரிந்தால் வேலை முடிந்தது.

ஏன் தெரிய வேண்டும் என்பது அடுத்த அரை மணியில் புரிந்தது. கழுவி, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் புரட்டி, வெயிலில் பரப்பினோம். மச்சான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். 20இல் 16 வார்ப்பு மணிகள், நான்கு தகட்டைத் தட்டி வளைத்துச் செய்தவை. அந்த நான்கில் இரண்டில் வளைவு ஓரமாக மயிரிழை விரிசல். பேரல் உடைத்ததா என்று எனக்குப் பக்கென்றது. மச்சான் ஊசியால் விரிசலைக் கீறிக் காட்டினான். உள்ளே கறுப்பு. பழைய விரிசல். களிம்பு மூடியிருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

கொட்டகையில் தொங்கிய மணி. தகட்டு மணி. இதைத்தான் நான் படித்திருந்தேன்! ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கிவைத்தன. மழை முடிந்து எடுத்தால் கூடுகள் கழுத்தோரம் வெடித்திருந்தன. பருவத்தில் வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், குளிர்ந்த நிலையில் இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கமும் சேர்ந்தால் உலோகம் பிளக்கும். பிறகு கூட்டை அளவாகச் சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். வார்த்த மணியில் அந்த இறுக்கம் குறைவு. தட்டி வளைத்த தகட்டில் அதிகம். எங்கள் கொட்டகையில் குதிரை இல்லை, மாடு. மற்றதெல்லாம் அதே கதை. அம்மோனியா கலந்த பாலிஷால் பித்தளையைத் துடைக்காதீர்கள் என்று தோட்டாக்காரர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

கிளம்பும் நேரத்தில் பெரியப்பா சாக்குப்பையை வாங்கி எண்ணினார். சலங்கையோடு சேர்த்து 25.

"ஒண்ணு கொறையுது."

வீட்டில் எங்கேயாவது இருக்கும் என்றேன். காலையில் 26 எண்ணித்தான் கட்டினேன் என்றார். கம்பி அள்ளும் காந்தத்தட்டைப் பார்த்தோம், உருளையைப் பார்த்தோம். பிறகு பெரியப்பா முட்டி போட்டு மரத்தூள் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, ஓரத்திலிருந்து வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தார். நடுப்பகுதிக்கு வந்ததும் கை நின்றது. சின்ன மணி, கன்றுக்குட்டிக்குக் கட்டுவது. ஊதித் தூளைத் தட்டிவிட்டுப் பையில் போட்டார்.

இரவு மச்சான் வீட்டில் தங்கி, மறுநாள் காலை மத்திகிரிப் பக்கம் போனோம். வெள்ளைக்காரன் படைக்குக் குதிரை வளர்த்த இடம் அது. இப்போது அரசுக் கால்நடைப் பண்ணை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். பரந்த மேய்ச்சல் நிலம், பனியில் நனைந்த மாடுகள், சாணமும் வைக்கோலும் கலந்த வாசனை. பெரியப்பா மூக்கை உறிஞ்சிவிட்டு, "இந்த வாசனைக்கா பித்தள வெடிக்கும்?" என்றார். தலையாட்டினேன். பையை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளத்துக்குப் பள்ளம் பை கணீரென்றது. முன்சீட்டிலிருந்த குழந்தை ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தது. வார்ப்பு மணிகளுக்குப் புது நாக்கு மாட்டி, மாட்டுப் பொங்கலன்று பசுக்களுக்குக் கட்டினோம். மாலையே அவிழ்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கூடத்து ஆணியில் மாட்டிவிட்டார் பெரியப்பா. விரிசல் விட்ட இரண்டும் சாமி மாடத்தில் இருக்கின்றன.