பத்தாம் நாள் கதவைத் தட்டும் ஹெல்த் விசிட்டர்: இங்கிலாந்தில் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்களுக்கு

இங்கிலாந்தில் தாய்க்கும் பிள்ளைக்குமான சேவை மூன்று பேர் கையில் இருக்கிறது. கர்ப்பம் தொடங்கி, பிரசவம் முடிந்து ஏறக்குறைய பத்து நாள் வரை மிட்வைஃப், அதாவது பேறுகாலச் செவிலியர். அவர் விலகியதும் ஹெல்த் விசிட்டர், அதாவது வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் செவிலியர். பிள்ளைக்கு 5 வயதாகும்வரை அவர் பொறுப்பு. தடுப்பூசியும் மருந்துச்சீட்டும் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரும் இலங்கையில் குடும்ப நல உத்தியோகத்தரும் பெரும்பாலும் ஒரே ஆளாகப் பார்க்கும் வேலை இங்கே பங்குபோடப்பட்டிருக்கிறது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் நாட்களில்தான் பிள்ளைகள் பட்டியலிலிருந்து நழுவுகிறார்கள்.

மிட்வைஃபைப் பார்க்க ஜிபியின் கடிதம் தேவையில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையின் இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் முடிந்துவிடுவது நல்லது. தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்களுக்கான பரிசோதனையை அதற்குள் எடுத்தால்தான், தேவைப்பட்டால் கணவரையும் பரிசோதித்து யோசிக்க அவகாசம் இருக்கும். "மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்பதை உறவினர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெற்காசிய வம்சம் என்ற ஒரு காரணமே போதும், 24 முதல் 28 வாரத்துக்குள் உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை உண்டு. இரவு முழுக்க வெறும் வயிறு, காலையில் ஒரு தடவை இரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த பானம், 2 மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம். வெறும் வயிற்றில் 5.6 mmol/L (இங்கே பயன்படும் அலகு), அல்லது 2 மணி நேரத்தில் 7.8, இதில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. இந்தியக் கணக்கில் சுமார் 101, 140 mg/dL. இதைக் கண்டுபிடிப்பதில் கோட்டை விடுவது குறைவு. பிரசவத்துக்குப் பிறகுதான் மறந்துபோகிறது. இந்த நீரிழிவு வந்தவர்களுக்குப் பிள்ளை பிறந்து 6 முதல் 13 வாரத்துக்குள் ஒரு மறுபரிசோதனை, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. யாரும் கூப்பிடாவிட்டால் ஜிபியிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

விசாவில் 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை இருக்கிறதே என்று பலர் தயங்குகிறார்கள். என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்கான அரசு உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் அதில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறந்த 5-ஆம் நாள், அரிய பிறவி நோய்கள் உண்டா என்று பார்க்க, மிட்வைஃப் பிள்ளையின் குதிகாலில் குத்தி, அட்டையிலுள்ள நான்கு வட்டங்களை இரத்தத்தால் நிரப்புவார். வட்டம் நிரம்பாவிட்டால் மறுபடி குத்தவேண்டி வரும். ஆகவே அவர் வருமுன் காலுறை போட்டுக் காலைக் கதகதப்பாக வைத்திருங்கள், மடியில் போட்டுப் பாலூட்டிக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள்.

ஹெல்த் விசிட்டர் வருவது 10 முதல் 14 நாளுக்குள். இங்கேதான் நம் வழக்கம் ஒன்று இடிக்கிறது. பிரசவம் முடிந்து தாய் ஒரு மாதம் அக்கா வீட்டுக்குப் போவது நமக்கு இயல்பு. ஆனால் 2015 அக்டோபர் முதல் இந்தச் சேவை உள்ளூர் கவுன்சில்களின் பொறுப்பில் இருக்கிறது. லண்டனில் நியூஹாம் கவுன்சிலுக்கு உட்பட்ட ஈஸ்ட் ஹாமில் வசிப்பவர் ஹரோ கவுன்சில் பகுதியில் இருந்தால், நியூஹாம் ஆள் அங்கே வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஹரோ ஆளுக்கோ இப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. எந்த முகவரியில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை மிட்வைஃப் விலகுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அழைப்பு பெரும்பாலும் எண் காட்டாத தொலைபேசியிலிருந்து வரும். மோசடி அழைப்பு என்று துண்டிப்பவர்கள்தான் "யாருமே வரவில்லை" என்றும் சொல்வார்கள்.

முதல் வருகை ஒரு மணி நேரம்கூடப் போகலாம். வீட்டைச் சோதிக்க வந்தவர் என்று நினைத்துக் கூடத்தைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை. பிள்ளை எங்கே தூங்குகிறது என்று கட்டாயம் பார்ப்பார். தாயிடம் தனியாகப் பேசவும் கேட்பார்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா, வீட்டில் யாராவது பயமுறுத்துகிறார்களா. இந்தக் கேள்விகளை மாமியார் மொழிபெயர்த்தால் கிடைக்கிற பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மொழிபெயர்ப்பாளர் இலவசம், தொலைபேசியிலும் வருவார். நாள் குறிக்கும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்று சொன்னதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். ஜிபிக்கோ மனம்விட்டுப் பேசும் மனநலச் சிகிச்சைக்கோ அனுப்புவார்கள், அடிக்கடி வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து துணைக்கு வந்திருக்கும் அம்மாவும் அந்த நேரம் பக்கத்து அறையில் இருப்பார், அவருக்கும் கேள்விகள் இருக்கும். பத்தியச் சாப்பாட்டில் யாரும் தலையிடமாட்டார்கள். பிள்ளைக்குச் செய்கிறவற்றில் சிலதுக்குத்தான் தடை. சேனை வைப்பதில் தேன் கூடாது; ஒரு வயதுக்குள் தேன் வழியாகக் குடலில் பொட்டுலிசம் என்ற நச்சு நோயின் கிருமி வளரக்கூடும். வீட்டில் காய்ச்சிய மையிலும் கடை மையிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் கண்ணுக்கு மை வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு 6 மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை. அறை வெப்பம் 16 முதல் 20 டிகிரி போதும். ஹீட்டரைக் கூட்டி, குல்லாயும் போட்டு, இரண்டு போர்வை சுற்றுவது குளிரைவிட ஆபத்து. பிள்ளை மல்லாந்து, தனிக் கட்டிலில், தலையணை இல்லாமல், முதல் 6 மாதம் உங்கள் அறையிலேயே தூங்க வேண்டும்.

எடை விஷயத்தில் ஏற்படும் கலக்கத்துக்கு அளவே இல்லை. முதல் நாட்களில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறையலாம், மூன்று வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நாப்கினையும் கழற்றிவிட்டுத்தான் நிறுப்பார்கள், பிறகு பிள்ளையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தின் வளைகோடுகளில் ஒரு புள்ளி வைப்பார்கள். 9-ஆவது கோட்டில் இருக்கும் பிள்ளை நோயாளி இல்லை. நூறு பிள்ளைகளில் 9 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். புள்ளிகள் கோடுகளைக் கடந்து கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் விசாரிப்பார்கள். நன்றாக வளரும் பிள்ளையை 6 மாதம்வரை மாதம் ஒருமுறைக்கு மேல் நிறுக்க வேண்டாம் என்பதே அறிவுரை. அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு சந்திப்புக்கும் கொண்டுபோங்கள்.

வைட்டமின் டி சொட்டு மருந்து பிறந்ததிலிருந்தே, நாளுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம். புட்டிப்பால் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் குடித்தால் வேண்டாம். அரசின் ஹெல்தி ஸ்டார்ட் திட்டத்தில் கிடைக்கும் பாட்டிலில் அளவு 5 சொட்டு. கடையில் விற்கும் சில பாட்டில்களில் ஒரே சொட்டில் 10 மைக்ரோகிராம் இருக்கும். பாட்டில் மாறும்போது லேபிளைப் படிக்காமல் பழைய கணக்கிலேயே ஊற்றுவதுதான் வழக்கமான தவறு.

தடுப்பூசி 8, 12, 16 வாரங்களில். பிறப்புப் பதிவை 42 நாளுக்குள் செய்துவிட்டால் ஜிபியில் பெயர் தானாக ஏறிவிடும் என்று நம்பாதீர்கள். அதைத் தனியாகச் செய்ய வேண்டும். ஜிபி பதிவு தாமதமானால் 8 வார அழைப்பு வராமல் போகலாம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்காவிட்டால் பிறகு தரவே மாட்டார்கள். பி.சி.ஜி. எல்லாருக்கும் போடுவதில்லை, பெற்றோரோ தாத்தா பாட்டியோ காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால் உண்டு. இந்தியாவில் பிறந்தவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

பிள்ளையோடு புதிதாக வந்து இறங்குபவர்களுக்கு வேறு கணக்கு. ஊரில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குப் பின் இரண்டு தவணை வேண்டும். இந்திய அரசுத் திட்டத்தின் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்தும் இல்லை. தேதிகள் தெளிவாகத் தெரியும் அட்டை கையில் இல்லையென்றால், போடவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். இன்ஃப்ளுயன்ஸாவுக்கு 2, 3 வயதில் மூக்கில் அடிக்கும் மருந்தில் பன்றி ஜெலட்டின் உண்டு. அது ஒவ்வாதவர்கள் ஊசியாகக் கேட்கலாம்.

2 முதல் 2½ வயதில் ஹெல்த் விசிட்டர் தரப்பில் ஒரு வளர்ச்சிப் பரிசீலனை. அதற்கு முன்பே வினாத்தாள் வரும். இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா என்ற கேள்விக்கு, "பால் வேணும்", "அப்பா வா" என்பதும் சரியான பதில்தான். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி 'இல்லை' என்று குறித்துவிட்டு, பிறகு பேச்சுத் தாமதம் என்ற முடிவைப் பார்த்து அதிர்வது வீண். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், அது பேச்சு சிகிச்சையாளர்கள் சொல்லும் ஆலோசனை அல்ல.

வீடு மாறினால் புதிய கவுன்சில் பகுதியின் ஹெல்த் விசிட்டர் அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசுங்கள், பிள்ளையின் என்.எச்.எஸ். எண்ணும் பழைய ஜிபியின் பெயரும் போதும். அலுவலகம் பொதுவாக வேலை நாட்களில், பகலில் மட்டும். இரவில் காய்ச்சல் என்றால் என்.எச்.எஸ். தொலைபேசி எண் 111. தமிழ் வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி தொட்டாலே உடனே கூப்பிடுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.