கழுத்துக்கு ஊசி, தூக்கத்துக்கு அலாரம்

கழுத்தெலும்புத் தேய்மானக்காரர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் தலையணையைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான். இலவம்பஞ்சு, ஃபோம், மடித்த போர்வை, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் என்று எல்லாம் படுத்துப் பார்த்தாயிற்று. வருஷக்கணக்காக அண்ணாந்து கரும்பலகையில் எழுதியதும் குனிந்து விடைத்தாள் திருத்தியதும் சேர்ந்து கொடுத்த சீதனம் இது. வலி கழுத்தில் தொடங்கி வலது தோள்பட்டை வழியாகக் கட்டைவிரல் வரை இறங்கும். பகலில் வேலை மும்முரத்தில் பாதி தெரியாது. விளக்கை அணைத்ததும்தான் அதன் ராஜ்ஜியம்.

நான் விலங்கியல் டீச்சர். தூக்கம் கெட்டால் வலி தாங்கும் சக்தி குறையும், வலி கூடினால் தூக்கம் இன்னும் கெடும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தூக்க மாத்திரைக்கு மனசு வரவில்லை. சக ஆசிரியை ஒருவர்தான், ஊசி குத்தும் அக்குபங்சர் வைத்தியத்தைப் பார்க்கச் சொன்னார்.

நம் ஊரில் அக்குபங்சர் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் ஒரே ரகம் இல்லை. நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதில் சிலர், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஓர் இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்புறம் போனது, ஐந்தரை வருஷம் பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகாப் பட்டம் படித்த இளம் மருத்துவர் ஒருவரிடம். எம்.ஆர்.ஐ. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க டீச்சர்" என்றார். பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது.

ஊசி உறையை என் கண்ணெதிரே கிழித்தார். கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நிறுத்தி, விரலால் ஒரு தட்டு. பின்மண்டைக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும், காதுக்குப் பின்னாலும், மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கமும், உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலேயும் இறங்கின. வலிக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. "கனமா இருக்கா?" என்றுதான் கேட்டார். ஆமாம், ஊசியைச் சுற்றி உள்ளே ஒரு மந்தமான கனம். கழுத்து வலிக்குக் கணுக்காலில் எதற்கு என்றேன். "அது தூக்கத்துக்கு டீச்சர்."

முதலில் பெரிய மாற்றமில்லை. பிறகு கை மரத்துப்போவது குறைந்தது. புரண்டு படுக்கும்போது சுரீர் என்று எழுப்பிவிடும் வலியும் அடங்கியது. ஆனால் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் விழிப்பு மட்டும் போகவில்லை. வலியே இல்லாமல் விழித்துக்கொண்டு, வலிக்கப்போகிறதா என்று காத்துக்கிடந்தேன்.

இதற்கு விளக்கம் தேடியபோதுதான் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் சம்பந்தப்பட்டது. புற்றுநோயிலிருந்து மீண்டு, தூக்கமின்மையால் அவதிப்பட்ட 160 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் அக்குபங்சர், மீதிப் பேருக்குத் தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றும் சிபிடி என்ற உளவியல் பயிற்சி. இரண்டிலும் தூக்கம் தேறியது, பயிற்சியில் கூடுதலாக. சிகிச்சை முடிந்த நேரத்தில் வலி அதிகம் குறைந்திருந்தது அக்குபங்சர் எடுத்தவர்களுக்கு. என் கதையை யாரோ அட்டவணை போட்டுக் காட்டியது போல இருந்தது.

எலிகளில் செய்த 2010 ஆய்வு ஒன்றில், ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற உடல் ரசாயனம் கூடி வலியைக் குறைத்ததாகப் பார்த்தார்கள். அடினோசின் என்றதும், மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைப்பதும் அதுதானே என்று துள்ளினேன். ஆனால் அந்த எலிகளில் வேலை நடந்தது காலில், ஊசியின் பக்கத்தில். பேருக்குக் குத்தும் பொய் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னதுதான். படுக்க வைத்து, பொறுமையாகப் பேசி, அரை மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விடுவதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

விழிப்புக்கு அந்தத் தூக்கப் பயிற்சியின் வழியைப் பார்த்தேன். எப்போது தூங்கினாலும் ஐந்து மணிக்கு அலாரம். மதியத் தூக்கம் கிடையாது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலுக்குப் போய்விட வேண்டும், போன் தொடக்கூடாது. மங்கலான விளக்கில் துணி மடிப்பேன். "இந்த நேரத்துல இஸ்திரியும் போடப்போறியா?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஆரம்பத்தில் வகுப்பிலேயே கண் சொக்கியது. பிறகு இரண்டு மணி மூன்றானது, நான்கானது. இப்போது பெரும்பாலான நாளில் அலாரம்தான் எழுப்புகிறது.

போக நினைப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோள்மேட்டில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் படும் ஆபத்து உண்டு. அதனால் படித்த கைதானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்தால் நான் மறுபடி போய்ப் படுத்துவிடுகிறேன். தூக்கம்தான் வந்துவிட்டதே, கணுக்காலில் வேண்டாமே என்று போன தடவை கெஞ்சிப் பார்த்தேன். மருத்துவர் கேட்கவில்லை.